தபாலட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும் உப்புவெளியில் ஆறு அறைகளோடு ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறோம். என் அப்பப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் பழைய திருகோணமலைப் படத் தபாலட்டைகள் பதினொன்றும், ஏதோ ஆங்கிலப் புத்தகத்திலிருந்து கழன்ற சித்திரத் தாள் ஒன்றும், 1963 கோணேசர் கோயில் கும்பாபிஷேகத்தில் நகரத்து ஸ்டூடியோக்காரர் எடுத்த படங்கள் மூன்றும் கிடைத்தன. இவற்றைத் துணிப்பை, கோப்பை, கலண்டர் ஆகியவற்றில் அச்சிட்டு விடுதியிலும் இணையத்திலும் விற்க விரும்புகிறோம். ஆனால் எங்களிடம் உள்ள அதே தபாலட்டையை ஒரு வெளிநாட்டு இணையத்தளம் தன் உரிமை என்று போட்டு விற்கிறது. நூறு வருடப் படத்துக்கு யார் சொந்தக்காரர்? நாங்கள் அச்சிட்ட பிறகு யாராவது வழக்குப் போட முடியுமா?
– வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய பிரதிகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பின்பக்கத்தையும் படியெடுத்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. இந்த விடயமாக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் முன்பக்கத்தை மட்டும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டு வருவார்கள். விடை பின்பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது அட்டையை எடுத்துக்கொள்வோம். முன்னால் துறைமுகம், கரையோரம் இரண்டு வள்ளங்கள், வானத்துக்கு மட்டும் மங்கலாக நீலம் பூசியிருக்கிறார்கள். பின்னால் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் தலை போட்ட முத்திரை. அதன்மேல் குத்திய தபாற்கந்தோர் சீலில் பாதி அழிந்தாலும் 1906 என்பது தெளிவாகத் தெரிகிறது. நடுவே ஒரு கோடு: ஒரு பாதி செய்திக்கு, மறு பாதி முகவரிக்கு. இந்த நடுக்கோட்டை பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது. அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே போனது. ஆகவே உங்கள் பதினொன்றில் கோடில்லாத அட்டை இருந்தால் அது இன்னும் மூத்ததாக இருக்கலாம். எட்வேர்ட் ஆண்டது 1901 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜோர்ஜ் 1910 முதல் 1936 வரை. சீல் அழிந்துபோன அட்டைகளுக்கு முத்திரையில் உள்ள தலையே ஆண்டைக் காட்டிக்கொடுக்கும்.

ஏன் இவ்வளவு தூரம் தோண்டுகிறேன் என்றால், "நூறு வருடப் பழைய படம்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் படத்தின் வயதை அப்படி எண்ணுவதில்லை. நம் நாட்டில் இப்போது நடப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு படைப்புக்கான பதிப்புரிமை, படைத்தவரின் ஆயுட்காலம் முழுவதும் இருக்கும். அவர் இறந்த பின் இன்னும் 70 ஆண்டுகள் இருக்கும். எந்த மாதம் இறந்தாலும் கணக்கு அந்த எழுபதாவது ஆண்டின் டிசம்பர் 31இல்தான் முடியும். படைத்தவர் பெயரில்லாமல் வெளியான படைப்பென்றால், முதலில் வெளியான ஆண்டிலிருந்து 70. எனவே நீங்கள் தேட வேண்டியது இறந்த ஆண்டை. அது கிடைக்காவிட்டால், யார் செய்தது என்றே தெரியாவிட்டால், வெளியான ஆண்டை.

உங்கள் 1906 அட்டையில் படம் பிடித்தவர் பெயர் இல்லை. 1906இல் அது தபாலில் போய்விட்டது, ஆகவே அந்த ஆண்டிலோ அதற்கு முன்னரோ வெளியாகிவிட்டது. 70ஐக் கூட்டினால் 1976. இன்னொரு வழியாலும் பார்க்கலாம். 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டக்கோவை வரும்வரை இங்கே நடந்தது பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதில் புகைப்படத்துக்கு உரிமை, நெகட்டிவ் எடுத்ததிலிருந்து 50 ஆண்டுகள்தான். எந்தக் கணக்கைப் போட்டாலும் இந்தப் படம் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. துணிப்பையில் போடுங்கள், கோப்பையில் போடுங்கள், விலை வையுங்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பதினொன்றில் பத்துக்கு இதே பதில்தான்.

ஏழாவது அட்டையில் மட்டும் நில்லுங்கள். அது புகைப்படம் மாதிரித் தெரிந்தாலும் புகைப்படம் இல்லை, நீர்வண்ண ஓவியத்தின் அச்சு. வலது கீழ்மூலையில், பாறையின் நிழலுக்குள், சிறிதாக ஒரு கையெழுத்து இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் நானே கண்டேன். ஓவியத்துக்கு அந்தக் காலத்துச் சட்டத்திலும் கணக்கு ஓவியரின் ஆயுளோடுதான் போனது. ஒருவர் இருபது வயதில், 1906இல், இதை வரைந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு வயதுவரை இருந்தாரானால் 1976இல் இறந்திருப்பார். அவருடைய உரிமை 2046 முடியும்வரை ஓடும். அட்டைக்கு நூற்றிருபது வயது, ஆனால் உரிமை உயிரோடிருக்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கொழும்பில் வாழ்ந்த நம் நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944 டிசம்பரில் காலமானார். 1930களில் அவர் எடுத்த படங்கள் உங்கள் தபாலட்டைகளை விட முப்பது வருடம் இளையவை. ஆனாலும் 2014 டிசம்பர் 31ஓடு அவற்றின் உரிமைக்காலம் நம் நாட்டில் முடிந்துவிட்டது. ஆகவே ஏழாவது அட்டையின் கையெழுத்தை வாசித்து, அந்த ஓவியர் எப்போது இறந்தார் என்று கண்டுபிடிக்கும்வரை அதை ஒதுக்கி வையுங்கள். பத்துப் படம் போதும் ஒரு கடைக்கு. கலண்டருக்குப் பன்னிரண்டு வேண்டுமே என்று கேட்பீர்கள், அதற்கும் வழி இருக்கிறது, வருகிறேன்.

கழன்ற சித்திரத் தாள் மர அச்சுச் செதுக்கல். 1859இல் வெளியான ஜேம்ஸ் எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய இரண்டு தொகுதிகள் போன்ற புத்தகங்களில் இந்த வகைச் சித்திரம் நிறைய வரும். டெனன்ட் இங்கே பிரித்தானிய ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர், 1869இல் இறந்தார். ஆனால் எழுதியவரின் இறப்பை மட்டும் பார்த்தால் போதாது. வரைந்தவர் ஒருவர், அதைக் கட்டையில் செதுக்கியவர் இன்னொருவர். இருவரும் படைத்தவர்கள்தான். பெயர் தெரியாதபோது நான் இப்படிக் கணக்குப் போடுவேன்: 1859இல் செதுக்கியவருக்கு இருபது வயது, அவர் நூறு வயதுவரை வாழ்ந்தார் என்றே வையுங்கள். 1939இல் இறந்திருப்பார், உரிமை 2009இல் முடிந்திருக்கும். உங்கள் தாளின் ஓரத்தில் அச்சான ஆண்டு 1860களுக்குள் இருக்கிறது. கவலையில்லாமல் பயன்படுத்துங்கள்.

இனி அந்த வெளிநாட்டு இணையத்தளம். படத்தின் மேல் குறுக்கே பெயர், கீழே வட்டத்துக்குள் ஒரு 'சி', வணிகப் பயன்பாட்டுக்கு இவ்வளவு பவுண் என்று விலை. இதைப் பார்த்துத்தான் நீங்கள் மிரண்டிருக்கிறீர்கள். வட்டத்துக்குள் 'சி' போட்டதால் யாருக்கும் உரிமை பிறந்துவிடாது, போடாததால் இல்லாமலும் போகாது. நம் நாட்டில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் நடைமுறையே இல்லை. படைத்த நொடியிலிருந்து அது தானாக இருக்கும். உரிமை முடிந்த ஒரு தட்டையான படத்தை ஸ்கேன் பண்ணுவதாலோ அப்படியே மறுபடி படம் பிடிப்பதாலோ புது உரிமை உண்டாவதில்லை. அமெரிக்காவில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று 1999இல், பிரிஜ்மன் ஓவிய நூலகத்துக்கும் கோரல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் இதைத்தான் சொன்னது. இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இல், அசல்தன்மை என்றால் படைத்தவரின் சொந்தப் புத்தியின் வெளிப்பாடு இருக்க வேண்டும் என்று தெளிவாக்கியதிலிருந்து, அங்கேயும் ஸ்கேனுக்கு உரிமை கோருவது கடினம். நம் நீதிமன்றங்களை இவை கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டமும் அசல்தன்மையைத்தான் கேட்கிறது.

ஆனாலும் அவர்கள் தளத்திலிருந்து படத்தை இறக்கி அச்சிடாதீர்கள். அந்தத் தளத்தில் கணக்குத் திறக்கும்போது ஒரு நிபந்தனைப் பட்டியலுக்கு ஆம் என்று சொல்லித்தான் உள்ளே போகிறீர்கள். வணிகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்ற வாக்கு அதில் இருக்கும். அது பதிப்புரிமை இல்லை, ஒப்பந்தம். அதை மீறினால் ஒப்பந்தத்தை மீறியதாக அவர்கள் கதைக்கலாம். உங்களிடம் அதே அட்டை கையில் இருக்கிறது. அவர்களிடம் போக வேண்டிய தேவையே இல்லை. நல்ல ஸ்கேனரில் 1200 புள்ளி அடர்த்தியில் நீங்களே எடுங்கள், இரண்டு பக்கத்தையும் எடுங்கள், எடுத்த திகதியோடு அந்த ஸ்கேன்களைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு யாராவது எங்கள் படம் என்று கடிதம் அனுப்பினால், உங்கள் அட்டையில் உள்ள கறையும் மடிப்பும் உங்கள் அச்சிலும் இருக்கும். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். படத்தைத் துப்புரவாக்கும்போது எல்லாக் கறையையும் அழித்துவிட வேண்டாம் என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

கலண்டருக்குக் குறையும் படங்களுக்கு இதோ வழி. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் உரிமை முடிந்த தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது, வணிகத்துக்கும் சேர்த்தே. ஒல்லாந்தர் இங்கே ஆண்ட காலத்தவை அதில் இருக்கின்றன. 1660களில் எசாயஸ் பூர்ஸ் இலங்கையில் வரைந்த சனங்களின் படங்களை ஒருமுறை பாருங்கள், மனசு நிறையும். பிரித்தானிய நூலகம் 2013 டிசம்பரில் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான புத்தகங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நம்மவர்கள் நடத்தும் 'நூலகம்' என்ற வலைத்தளத்தில் பழைய சஞ்சிகைகளும் மலர்களும் குவிந்து கிடக்கின்றன. அங்கே மட்டும் கவனம். வாசிப்பதற்காக அனுமதி பெற்று ஏற்றியவை அவற்றில் நிறைய. வாசிக்கத் தந்ததைக் கோப்பையில் அச்சிடத் தந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகநூலில் ஓடும் நிறமேற்றிய பழைய படங்களையும் தொடாதீர்கள். அடியில் உள்ள கறுப்பு வெள்ளைப் படம் பொதுச் சொத்தாக இருக்கலாம். ஒருவர் இரவிரவாக இருந்து கையால் ஏற்றிய நிறம் அவருடைய உழைப்பு, அதற்கு அவர் உரிமை கோரலாம். நீங்களும் உங்கள் அட்டைகளுக்கு அப்படிக் கையால் நிறமேற்றினால் அந்த நிறமேற்றலுக்கு உரிமை உங்களுக்கு. அடிப்படைப் படத்தை மற்றவர்கள் பயன்படுத்துவதை உங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் போனால் என் நெஞ்சு கேட்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு விடுதிக்காரர் என்னிடம் வந்தார். வரவேற்பறைச் சுவருக்கும் உணவுப் பட்டியலுக்கும் பழைய படமென்று ஒரு மீன்பிடிப் படத்தைப் போட்டிருந்தார். பழுப்பு நிறம், மங்கல், ஓரமெல்லாம் கிழிந்த மாதிரி. படம் பிடித்தவர் கோரிக்கைக் கடிதம் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அது 1990களில் எடுத்து, பழையது போலத் தோன்றப் பழுப்பேற்றிய படம். உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், வள்ளத்தின் பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம் தொங்கியது. நட்டஈடும் புதிய அச்சுச் செலவுமாகக் கொடுத்து முடித்தார். ஆகவே இணையத்தில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் மின்கம்பம், இயந்திரம், ஆட்களின் உடுப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பழுப்பு நிறம் எதற்கும் அத்தாட்சி ஆகாது.

வழக்குப் பற்றிக் கேட்டீர்கள். பதிப்புரிமை வழக்கு கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். இங்கிருந்து தவணைக்குத் தவணை போய்வருவதே ஒரு தண்டனை. தெரிந்துகொண்டே மீறினால் நீதவான் நீதிமன்றில் ஐந்து லட்சம் ரூபா வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். உங்கள் பத்து அட்டைகளுக்கு இந்தப் பயம் வேண்டாம். இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்கும்போது மட்டும் அந்தந்த நாட்டுக் கணக்கைப் பாருங்கள். பிரித்தானியாவில் நம்மைப் போல இறப்புக்குப் பின் 70, இந்தியாவில் 60. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியானதிலிருந்து 95 ஆண்டு, அதாவது 1930இல் வெளியானவை 2026 ஜனவரி 1இலிருந்து கட்டற்றவை. தபாலட்டையின் கீழே அச்சிட்ட நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனம் இன்றும் தொழில் செய்கிறதா என்று பாருங்கள். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற பெயர்கள் உண்டு. படத்தின் மூலையில் பெயர் இருப்பதில் பிழையில்லை. அந்தப் பெயரை உங்கள் பொருளின் பெயர்போலப் பெரிதாக்கி விற்றால் அது வர்த்தகக் குறிச் சிக்கல்.

கோணேசர் கோயிலின் கடலடி இடிபாடுகளின் படங்களையும் கலண்டரில் சேர்க்கலாமா என்று ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தீர்கள். 1956இல், கோயில் நிற்கும் சுவாமி மலையடியில், எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டவை அவை. அந்தப் படங்களைப் பழையவை என்று எண்ண வேண்டாம். வில்சன் 1995இல் இறந்தவர், பிரித்தானியக் கணக்கில் அவர் படங்களுக்கு 2065 முடியும்வரை உரிமை உண்டு. கிளாக் 2008இல் கொழும்பில் காலமானார். அவர் எழுதியதிலிருந்து ஒரு பந்தியை எடுத்து அச்சிடுவதென்றாலும் 2078 வரை அனுமதி வேண்டும். 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சுப் படங்களில், பிரித்தானிய அரசுப் படப்பிடிப்பாளர்கள் கடமையில் எடுத்தவற்றின் உரிமை அங்கே 50 ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த நாளில் செத்தவர்களின் படத்தைக் கோப்பையில் போட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கொடுக்க உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன்.

அதே போல உங்கள் ஐந்தாவது அட்டை. சட்டப்படி அது கட்டற்றது. கிணற்றடியில் ரவிக்கையில்லாமல் ஒரு பெண், கீழே "தமிழ்ப் பெண்" என்று மட்டும் ஆங்கிலத்தில். அவளுடைய பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை. படம் பிடிக்கச் சம்மதித்தாளா என்பதும் தெரியாது. அந்தக் காலத்தில் இப்படிப் படம் பிடித்து ஐரோப்பாவுக்கு விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அவள் இந்த ஊரில் யாருடையவோ பூட்டி. கடற்கரைத் துவாயில் அவளை அச்சிட்டு விற்க வேண்டாம் என்று சட்டத்தரணியாக இல்லாமல், இந்த ஊர்க்காரனாகக் கேட்கிறேன். சுவாமி படங்களையும் காலடியில் படும் பொருள்களில் போடாதீர்கள். பாதவிரிப்புக்குக் கோட்டை வாசல் படம் இருக்கிறது, அது போதும்.

கடைசியாக 1963 படங்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தவை இவைதான். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோயில், 1950இல் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் மண்ணுக்குள் கிடைத்த பிறகு மீண்டெழுந்து கண்ட கும்பாபிஷேகம் அது. ஊருக்கே பெறுமதியான படங்கள். தாள் உங்களுடையது, அப்பப்பா காசு கொடுத்து வாங்கியது. ஆனால் தாளைச் சொந்தமாக வைத்திருப்பதும் படத்தின் உரிமையை வைத்திருப்பதும் வேறு வேறு. அக்காலச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது: ஒருவர் கூலி பேசி ஒரு படத்தை எடுப்பித்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர். உங்கள் பெட்டிக்குள் அப்பப்பாவின் கலியாணப் படம் இருந்திருந்தால் அந்த வாதம் உங்களுக்குக் கைகொடுக்கும். இந்த மூன்றும் அப்படியில்லை. பின்னால் ஸ்டூடியோ சீலும் வரிசை எண்ணும் இருப்பதைப் பார்த்தால், ஸ்டூடியோக்காரர் தாமாகவே எடுத்து ஊருக்கு விற்ற படங்கள். 1979இலும் 2003இலும் சட்டம் மாறியதால் இந்த வயதுப் படங்களுக்குக் கணக்குச் சிக்கலாகும். இப்படிப்பட்ட இடத்தில் நான் எப்போதும் நீண்ட கணக்கையே எடுப்பேன். அவர் இறந்து 70 ஆண்டு ஆகவில்லை, ஆகவே உரிமை அவர் பிள்ளைகளிடம் இருக்கிறது என்று வைத்து நடவுங்கள்.

அவருடைய மகள் இன்னும் நகரத்தில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள். மூன்று படங்களின் நல்ல அச்சுகளையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அவரிடம் அந்தப் படங்கள் இல்லாமலும் இருக்கலாம். போர்க்காலத்தில் எத்தனை வீடுகளின் அல்பங்கள் போயின என்பது உங்களுக்குத் தெரியும். சகோதரங்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள், உரிமை எல்லோருக்கும் சேர்ந்துதான் போயிருக்கும், கையொப்பமும் எல்லோரிடமும் வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தப் படங்கள், எந்தப் பொருள்களில், எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு பணம் அல்லது விற்பனையில் எத்தனை வீதம், இணையத்தில் விற்கலாமா, ஒவ்வொரு பொருளிலும் படம் பிடித்தவர் பெயர் எப்படி அச்சாகும் என்பவை அதில் இருக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள், இரண்டு பிரதி எடுங்கள், இரண்டிலும் எல்லோரும் ஒப்பமிடட்டும். பெயர் அச்சாகும் எழுத்தின் அளவை மட்டும் அந்த மகளையே தீர்மானிக்க விடுங்கள்.